முதியோருக்குக் கைப்பேசி கற்பிக்கும் முறை

நம் சமுதாய வாலிபர்கள் வயதான பெரியவர்களுக்குக் கைப்பேசியைக் கையாளச் சொல்லிக் கொடுக்கும் தொண்டில் ஈடுபட்டு வருவதைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆங்காங்கே காண்கிறோம். பள்ளிவாசல் திண்ணையிலும், உணவுக்கடை மேசையிலும், கடைக் கல்லாவின் அருகிலும் இந்த உதவி நடைபெறுகிறது. அல்ஹம்துலில்லாஹ், வரவேற்க வேண்டிய காரியம். ஆயினும் அதைச் செய்யும் முறையில் ஒரு குறை இருக்கிறது. "கொடுங்க மாமு, நான் செஞ்சு தர்றேன்" என்று தம்பி கருவியை வாங்கிக் கொள்கிறார். நாலு தட்டுத் தட்டுகிறார். "முடிஞ்சுது மாமு" என்று திருப்பிக் கொடுக்கிறார். பெரியவரும் மனம் குளிர்ந்து துஆச் செய்கிறார். காரியம் முடிந்தது, ஆனால் பாடம் நடக்கவில்லை. மறுவாரம் அதே பெரியவர் அதே காரியத்துக்காக அதே தம்பியைத் தேடிக் கொண்டு நிற்கிறார்.

கற்றுக் கொடுப்பது என்றால் கருவி பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும். அவர் விரல்தான் தட்ட வேண்டும். இதுவே நாம் சொல்ல வந்த விஷயம். இது ஏன் அவசியம், எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடிதமும் அதுவே, கல்லாவும் அதுவே

முன்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமானால், எழுதத் தெரிந்தவரிடம் போய், தாம் சொல்லச் சொல்ல எழுதி வாங்கிக் கொள்வார். எழுதியவருக்கு அந்தக் குடும்பத்து விஷயம் நாலு தெரிந்து போகும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடிதம் எழுதியவரால் நம் பணப் பெட்டியைத் திறக்க முடியாது. இன்றைக்கு அப்படியல்ல. கைப்பேசியே கடிதம், அதுவே பணப்பெட்டி, அதுவே பேரேடு. அதைப் பிறர் கையில் கொடுத்து "பார்த்துச் செய் தம்பி" என்பது, கல்லாச் சாவியையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒப்பானது. வாங்கிக் கொள்பவர் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் முறை தவறானதுதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், அதன்பின் மைசெஜாத்திரா செயலி வந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடை வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் கைப்பேசியைக் காட்டி விட்டு நுழைய வேண்டிய நிலை ஏற்பட்டது. கருவி இல்லாத பெரியவர்களும், கருவி இருந்தும் கையாளத் தெரியாதவர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி விட்டு, பின்னால் நிற்பவர்களிடம் "சற்றுப் பொறுங்க" என்று கூச்சத்தோடு கேட்டுக் கொண்டார்கள். 2022 மே 1 முதல் அந்தப் பதிவு தேவையில்லை என்று ஆயிற்று. அதோடு தொல்லை விட்டது என்று கருவியை அலமாரியில் வைத்தவர்கள் உண்டு. ஆனால் தொல்லை விடவில்லை. வாசலில் நின்ற அது கல்லாவுக்கே வந்து உட்கார்ந்து கொண்டது.

2019இல் தொடங்கிய டூயிட்நவ் கியூஆர் இன்று தேநீர்க் கடை முதல் துணிக் கடை வரை கல்லாவின் முன்னால் நிற்கிறது. வாடிக்கைக்காரர் கட்டத்தைப் படம் பிடித்துப் பணம் அனுப்புகிறார். "போட்டாச்சு பாய்" என்று தம் கைப்பேசித் திரையைக் காட்டுகிறார். அவர் காட்டுவது இன்றைய ரசீதா, நேற்றைய ரசீதின் படமா, யாரோ எழுதித் தயாரித்த போலியா என்பதை அவர் திரையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. நம் கணக்கை நாமே திறந்து, பணம் வந்து விழுந்ததா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. அன்றியும், கடையின் கட்டத்தின் மேல் வேறொருவர் தம் கட்டத்தை ஒட்டி விட்டுப் போகிற மோசடியும் நடந்திருக்கிறது. பகல் வேளையில் மகன் சரக்கு எடுக்கப் போயிருப்பார்; கல்லாவில் அறுபத்தைந்து வயது வாப்பா இருப்பார். தம் கணக்கைத் திறந்து பார்க்கத் தெரியாத அவர், கண்ணைக் கட்டிக் கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான். நாற்பது ஆண்டு வியாபாரம் செய்து, கள்ள நோட்டை விரல் பட்டவுடன் கண்டு கொண்ட மனிதர் அவர்!

வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி மிகப் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் கடைகள் வரை வந்து விட்டது. அதற்குக் குறைந்த விற்பனையுடையோருக்கு விலக்கு உண்டு என்று 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கணக்கு எழுதி வைத்துக் கொள்வது நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றியதுதான். எழுதும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எழுதும் இடத்தை முதலாளி தாமே பார்க்கத் தெரியாமல், எல்லாவற்றையும் சம்பளக்காரர் கையில் விட்டு விட்டால், அந்தக் கணக்கு யாருடைய கணக்கு?

வியாபாரத்தை விடுவோம். உம்ராவுக்குப் போகும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மதீனாவில் ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கு நேரம் குறித்த அனுமதியை நுஸுக் செயலியின் மூலம் பெறும் முறை வந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்டு, மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் போய்ச் சேர்ந்தவர், கைப்பேசியில் ஒரு கட்டத்தைத் திறக்கத் தெரியாமல் உடன் வந்தவரின் தயவுக்குக் காத்திருக்கிறார். தாபோங் ஹாஜியில் போட்டு வைத்த சேமிப்பைப் பார்க்கவும் அவர்களுடைய திஜாரி செயலி இருக்கிறது. ஹஜ்ஜுக்கென்று சேர்க்கும் தம் பணம் எவ்வளவு என்பதைப் பிறரைக் கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டுமா?

பிற இடங்களில் நடந்திருப்பது

"வயசாச்சு தம்பி, இனி மண்டையில ஏறாது" என்று பெரியவர்களே சொல்வதுண்டு. இது சரியல்ல என்பதற்குக் கேரளத்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஒரு கிராமப் பஞ்சாயத்து. 2021இல் அங்கே வீடு வீடாகச் சென்று, கைப்பேசியும் இணையமும் கையாளத் தெரியாதவர் யார் யார் என்று கணக்கெடுத்தார்கள். மாணவர்களும், குடும்பஸ்ரீ மகளிரும், மற்றத் தொண்டர்களும் ஆசிரியர்களாக அமைந்தார்கள். மக்களை வகுப்புக்கு வா என்று அழைத்துக் காத்திருக்கவில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். கிராம வேலைத் திட்டத்தில் மண் வெட்டும் பெண்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே, ஓய்வு வேளையில் பாடம் நடந்தது. இப்படி மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கற்றார்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் பினராயி விஜயன் அந்தப் பஞ்சாயத்தில் அனைவரும் இக்கல்வி பெற்று விட்டதாக அறிவித்தார்.

பின்னர் அதே முறையை மாநிலம் முழுவதற்கும் விரித்து, 2025 ஆகஸ்ட் 21ஆம் தேதி கேரளம் முழுவதும் அந்நிலையை எய்தியதாக அறிவித்தார்கள். கற்றவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். கற்பித்த தொண்டர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள் மட்டும் 15,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பெரும்பாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த எம். ஏ. அப்துல்லா மௌலவி பாகவி அவர்கள். நூறு வயதைக் கடந்தவர். பாகவி என்பது வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஓதித் தேறியோர் தாங்கும் பட்டம் என்பது வாசகர்கள் அறிந்ததே. கிதாபு ஓதிய கரம் நூறு வயதுக்குப் பிறகு கைப்பேசியில் செய்தி கேட்கப் பழகிக் கொண்டது என்றால், மஸ்ஜித் இந்தியாவில் கடை வைத்திருக்கும் நம் அறுபது வயது மாமுமார்களைப் பற்றி என்ன சொல்வது!

புல்லம்பாறையிலிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது இருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுப்பது. நம் பெரியவர்கள் கடையை விட்டு எங்கே வரப் போகிறார்கள்?

அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு அரசாங்கமே முதியோருக்கான இக்கல்வியைத் தொடங்கியது. ஆயிரம் பேரை அதற்கென்று வேலைக்கு எடுத்து, முதியவர்களிடமும் உணவங்காடிக் கடைக்காரர்களிடமும் அனுப்பியது. அவர்கள் வகுத்த வரிசை கவனிக்கத் தக்கது. முதலில் பேசுவதும் செய்தி அனுப்புவதும், அடுத்து அரசாங்க அலுவல்கள், கடைசியில்தான் பணம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அவசரத்தில் முதலில் வங்கிச் செயலியைத் திறந்து கொடுத்து விடுகிறார்கள். விரலே பழகாதவருக்கு முதல் பாடம் பணம் என்றால் பயம்தான் மிஞ்சும்.

நம் பக்கத்திலேயே, செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமை ஆய்வுக் கழகம் 2007 முதல் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் முதியோர் கல்வியை நடத்தத் தொடங்கியது. 1973இல் பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் பிறந்த யோசனை அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கடை அடைத்துக் கொண்டு செர்டாங் போகக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத் தொண்டர்கள் எழுத்துக் கற்றுக் கொடுத்ததோடு, கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிளைப் பிறர் மிதிக்க, நாம் பின்னால் உட்கார்ந்து ஓட்டப் பழகியவர் உலகத்தில் இல்லை. பிடித்துக் கொண்டு கூட ஓடலாம். மிதிப்பது அவரவர் கால்தான். கைப்பேசியும் அப்படியே.

பாடம் நடத்துவது எப்படி

இனித் தொண்டு செய்யும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறோம்.

முதலில் அதபு. வயோதிகர் ஒருவர் ஒளுவைத் தவறாகச் செய்யக் கண்ட ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவரும் சிறு பிள்ளைகளாயிருக்க, "தவறு" என்று சொல்லாமல், "எங்களில் யார் ஒளு சரி என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் முன்னால் செய்து காட்டிய வரலாற்றை ஆலிம்கள் பயானில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த முறையை அப்படியே கொள்ளலாம். உங்கள் கைப்பேசியில் நீங்கள் ஒருமுறை செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். பிறகு அவர் கருவியில் அவர் செய்யட்டும். "இதுகூடத் தெரியாதா" என்ற சொல்லும், அந்தச் சொல்லைச் சொல்லாமல் சொல்லும் பெருமூச்சும் வேண்டாம். பெரியவர் ஒருமுறை கூசிப் போனால் மறுமுறை வர மாட்டார். "வேலை இருக்கு" என்பார்.

இளம் வயது குறையுமன்று. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்தது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்ற வாலிபரைத்தான். அவர் அரை மாத காலத்துக்குள் கற்று, வரும் கடிதங்களைப் படித்துக் காட்டவும் பதில் எழுதவும் செய்தார் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

அடுத்து, பாடம் தொடங்கும் முன் கருவியை அவருக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒலியைக் கூட்டுங்கள், முகப்பில் அவருக்கு வேண்டிய ஐந்தாறு படங்களை மட்டும் விட்டு மற்றவற்றை உள்ளே தள்ளுங்கள். தமிழ் படிப்பவரானால் கருவியின் மொழியைத் தமிழாக மாற்றலாம். வாட்ஸ்அப்பும் தமிழில் வரும். வங்கிச் செயலிகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. ஆகையால் அங்கே வரும் பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தனியாக எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விரல் விஷயம் ஒன்று உண்டு. "நான் தட்டுனா வேலை செய்யல, நீ தட்டுனா செய்யுது" என்று பெரியவர்கள் சொல்வது மெய்தான். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது; வயதாக ஆகத் தோல் காய்ந்து போவதால் அதற்கு எளிதில் தெரிவதில்லை. கல்லாவில் நோட்டு எண்ண ஈரப் பஞ்சு வைத்திருக்கிறோமே, அதில் விரலை இலேசாகத் தொட்டுத் துடைத்து விட்டுத் தட்டச் சொல்லுங்கள். நகத்தால் குத்தக் கூடாது. விரல் சதை பட வேண்டும். கை நடுக்கத்தால் நெடுநேரம் அழுத்தி விடுபவர்களுக்கு, அழுத்தும் நேரத்தைக் கூட்டி வைக்கும் வசதி கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. இதைத் தெரியாத பிள்ளைகள் "மாமுவுக்கு வராது" என்று முடிவு கட்டி விடுகிறார்கள்.

பாடம் நடக்கும்போது தொண்டர் தம் கைகளைப் பின்னால் கட்டிக் கொள்ளட்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் தானாக நீண்டு விடும். வாயால் மட்டும் சொல்ல வேண்டும். அதுவும் "அங்கே, அங்கே" என்றல்ல, "கீழே வலது பக்கம் பச்சைப் பொத்தான்" என்று சொல்ல வேண்டும். பெரியவர் தவறான இடத்துக்குப் போய் விட்டால் பதறாமல், திரும்பி வரும் வழியைச் சொல்லிக் கொடுங்கள். திரும்பி வரத் தெரிந்தவருக்குப் பயம் போய் விடுகிறது. முதல் நாள் பாடமாக இதை மட்டுமே வைத்துக் கொண்டாலும் நல்லது: உள்ளே போவது, வெளியே வருவது.

அவர் தம் கையாலேயே நோட்டில் எழுதிக் கொள்ளட்டும். நம் பெரியவர்கள் சிட்டை எழுதிப் பழகியவர்கள். எழுதினால்தான் அவர்களுக்கு நிற்கும். நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாள் மேசைக்கடியில் போய் விடும். "வீட்டுப் படம், பிறகு மூன்று கோடு, பிறகு நீலப் பெட்டி" என்று அவர் மொழியில் அவர் எழுதட்டும். அரபுத் தமிழில் எழுதுகிறவர் யாரேனும் இருந்தால், அப்படியே எழுதட்டும். நீங்கள் அதைப் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள்.

பணப் பாடத்துக்கு வரும்போது ஒரு ரிங்கிட்டில் தொடங்குங்கள். பெரியவர் தம் மகனுக்கு ஒரு ரிங்கிட் அனுப்பட்டும். கணக்கில் குறைந்திருப்பதைப் பார்க்கட்டும். மகன் திருப்பி அனுப்பட்டும். வந்து சேர்ந்ததைப் பார்க்கட்டும். பத்து முறை இதைச் செய்தவர், வாடிக்கைக்காரர் காட்டும் திரையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். தம் திரையைத்தான் பார்ப்பார்.

இரகசிய எண் அமானிதம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இரகசிய எண். அதைத் தொண்டர் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது, பெரியவர் தாமாகச் சொன்னால் காதில் வாங்கவும் கூடாது. எண்ணைத் தட்டும் வேளை வந்ததும் எழுந்து, முகத்தைத் திருப்பிக் கொண்டு நிற்க வேண்டும். பெரியவரின் கணக்கைத் தம் கைப்பேசியில் திறந்து காட்டுவதும் கூடாது. 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு வகுத்த பாதுகாப்பு ஏற்பாடுகளில், பரிவர்த்தனையை உறுதி செய்யும் கருவி ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டும் என்பதும் ஒன்று.

இது பெரியவரைக் காப்பதற்கு மட்டுமன்று. கிள்ளான் பக்கத்தில் ஒரு பெரியவர். கணக்குப் பார்ப்பது, கட்டணம் கட்டுவது எல்லாவற்றையும் பள்ளிவாசலுக்கு வரும் ஒரு தம்பியிடம் கொடுத்திருந்தார்; எண்ணும் அந்தத் தம்பிக்குத் தெரியும். சில மாதங்களாகக் கணக்கில் மாதா மாதம் ஒரு தொகை குறைந்து வருவதை மகள் கண்டாள். கேள்வி யாரைப் பார்த்து எழும்? எவரும் நேரில் குற்றம் சாட்டவில்லை. ஆனால் "தம்பிக்குத்தான் நம்பர் தெரியும்" என்று ஒரு வார்த்தை வெளியே வந்து விட்டது. பின்னர் விசாரித்ததில், எப்போதோ கை தவறித் தட்டியதால் சேர்ந்து கொண்ட ஒரு மாதச் சந்தா அது என்று தெரிந்தது. பெரியவர் அழுதார். அந்தத் தம்பி அதற்குள் அந்தப் பள்ளிவாசலுக்கு வருவதை விட்டு விட்டார். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். எண் தெரியாமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை அவர் மேல் விழுந்திருக்காது.

கடை முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும். வேலையாளை நம்பவில்லை என்று ஆகி விடுமே என்று கூசி எண்ணைக் கொடுத்து விடாதீர்கள். அவர் பெயரைக் காப்பாற்றவும் அதுவே வழி.

மோசடிகளைப் பற்றி நீண்ட பயமுறுத்தல் தேவையில்லை. அதிகம் பயமுறுத்தினால் பெரியவர் கருவியைத் தொடவே மாட்டார். மூன்று காரியங்களை மனதில் பதிய வைத்தால் போதும். வங்கியிலிருந்தோ போலீசிலிருந்தோ பேசுகிறேன் என்று அழைத்து எண் கேட்பவர் எவராயினும் இணைப்பைத் துண்டித்து விட வேண்டும். வாட்ஸ்அப்பில் நிக்காஹ் அழைப்பு என்று வரும் கோப்பைத் திறந்தால், "இந்தச் செயலியைப் பதிவு செய்யவா" என்று கருவி கேட்குமானால், அது அழைப்பிதழ் அல்ல. நம் கணக்கைக் கைப்பற்ற வரும் வேலை. நம் சமுதாயத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் திறக்காமல் இருக்க மனம் வராது என்பதை அறிந்தவர்கள்போல் செய்கிறார்கள்! மூன்றாவது, பணம் போய் விட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே தம் வங்கியையும் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு நிலையத்தின் எண் அது. பணம் கை மாறிக் கை மாறி ஓடுவதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மகன் வரட்டும் என்று இரவு வரை காத்திருந்தவர்களுக்குக் கிடைப்பது அரிது. இந்த எண்ணையும் கருவியில் பதிந்து கொடுத்து, எங்கே இருக்கிறது என்று அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெண்களும் பார்வை குறைந்தவர்களும்

வீட்டில் இருக்கும் உம்மாமார்களை நாம் மறந்து விடுகிறோம். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அவர்கள் முகம் பார்க்க ஏங்குபவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கற்பிக்கட்டும். எழுதத் தெரியாத உம்மாவுக்கும் வாயால் தமிழில் சொன்னால் எழுதிக் கொள்ளும் வசதி கருவியில் இருக்கிறது. குரலாகவே பதிந்து அனுப்பவும் முடியும். எழுத்துத் தெரியாதது இனி ஒரு தடையன்று.

கண் மங்கியது என்பவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸையே காட்டுகிறோம். 1951இல் ஏற்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையில் நடந்து போகும்போது, கையில் வெள்ளைக் கோலும் காதருகே கைப்பேசியுமாகச் செல்லும் பார்வையற்ற சகோதரர்களைக் காணலாம். திரையில் உள்ளதைக் கருவியே வாய்விட்டுப் படிக்கிறது. அதைக் கேட்டு எல்லா வேலையும் செய்து கொள்கிறார்கள். அந்த வசதி நம் ஒவ்வொருவர் கருவியிலும் இருக்கிறது, தமிழிலும் படிக்கும். கற்பிக்கப் போகும் தம்பிகள் முதலில் தாங்கள் இதைக் கண்ணை மூடிக் கொண்டு ஒருநாள் பழகிப் பார்ப்பது நல்லது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுக்கடைக்காரர்களுக்குப் பகல் கூட்டம் ஓய்ந்து மாலைத் தேநீர்க் கூட்டம் வருமுன் மூன்று மணி சுமாருக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். துணிக்கடைக்காரர்களுக்குக் காலை கடை திறந்த முதல் ஒரு மணி நேரம். ஜும்ஆ முடிந்த கையோடு பிடித்து உட்கார வைக்க வேண்டாம். அன்று கடையில் ஆள் குறைவு, மனம் அங்கேதான் இருக்கும். ஒருவருக்கு ஒரு தொண்டர், அவரே தொடர்ந்து வர வேண்டும். வாரம் ஒரு புது முகம் வந்தால் பெரியவர் முதலிலிருந்து கூச வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு அரை மணி போதும். ரமலானில் வகுப்புத் தொடங்க வேண்டாம். பெருநாள் கழித்து, ஷவ்வாலில் கடை வியாபாரம் அடங்கிய பிறகு தொடங்கலாம்.